சேற்றில் இழுக்காத பழைய எக்ஸ்எல்: தொழிலுக்கு வரும் தம்பிக்குப் பதின்மூன்று அறிவுரைகள்

ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்துவிட்டால் கரிசல் காட்டுத் திருவேங்கடம் ஊர்ப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வாசல்களில் வண்டி நிற்க இடம் இருக்காது. வருவதில் பெரும்பாலும் எக்ஸ்எல்தான். வண்டிக்காரர் சொல்வதும் ஒரே குறைதான்: "அண்ணாச்சி, ரோட்டுல நல்லாத்தான் போகுது. காட்டுக்குள்ள இறங்குனா இழுக்க மாட்டேங்குது."

சேற்றில் ஓட்டவென்றே வெளிநாடுகளில் நாலு சக்கர ஏடிவி வைத்திருக்கிறார்கள். கரிசல் காட்டில் அந்த வேலையைச் செய்வது டி.வி.எஸ். எக்ஸ்எல். யூரியா மூட்டை, மருந்தடிக்கும் டேங்க், புல்லுக்கட்டு, ராத்திரி மக்காச்சோளத்துக்குப் பன்றிக் காவல் எல்லாம் அதன் முதுகில்தான். 1980-ல் ஓசூரில் இருந்து வந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசு இது. இதன் டூ ஸ்ட்ரோக் வகையான எக்ஸ்எல் சூப்பரின் எஞ்சின் 69.9 சிசி, அதிகபட்சம் மூன்றரைக் குதிரைசக்தி, முறுக்குவிசை 5 நியூட்டன் மீட்டர், அதுவும் 3750 ஆர்பிஎம்-இல். கியர் ஒன்றே ஒன்று. பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரலில் வந்ததோடு டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லின் காலம் முடிந்தது. ஆகவே உன் முன்னால் வந்து நிற்கிற ஒவ்வொரு எக்ஸ்எல் சூப்பரும் வயதான வண்டி.

வயதான வண்டியில் இழுவையைப் புதிதாக உண்டாக்க முடியாது, தம்பி. தொலைந்ததைத் தேடி எடுக்கலாம். வேகத்தைக் கொடுத்து இழுவையை வாங்கலாம். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் அவர் கண் வண்டிக்காரரின் பணத்தில் இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டு வழிக்குள் அடங்கும்.

1. எஞ்சினைத் தொடுமுன் மண்ணைப் பற்றிக் கேள்

கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களி இருக்கிறது. அது தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழை பெய்து தண்ணீர் நிற்கும்போது இந்த மண் வழுக்கும், ஆனால் அவ்வளவாக அப்பாது. மழை விட்டு வெயில் பட்டு அரைகுறையாகக் காயும்போதுதான் டயரைப் பிடித்துக்கொண்டு விடாது. அதனால் வண்டி நின்றது மழையோடா, மழை விட்ட பிறகா என்பதை முதலில் கேள்.

அடுத்து, எப்படி நின்றது என்று கேள். சக்கரம் சுற்றியும் வண்டி நகரவில்லை என்றால் டயருக்குப் பிடிமானம் இல்லை. எஞ்சின் இரைகிறது, சக்கரம் சுற்றவில்லை என்றால் க்ளட்ச் வழுக்குகிறது. எஞ்சினே மூச்சடங்கி அணைந்தால் சக்தி குறைந்திருக்கிறது. சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டால் மட்கார்டுக்குள் மண் அடைத்திருக்கிறது. அந்த வண்டிக்கு எஞ்சின் வேலையே வேண்டாம். நான்கும் நான்கு வியாதி. வண்டிக்காரர் நான்கையும் "இழுக்கல" என்ற ஒரே சொல்லில்தான் சொல்லுவார். பிரித்துப் பார்ப்பது உன் வேலை.

2. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இடம் விடு

கரிசலில் எக்ஸ்எல்லை நிறுத்துவது பல நேரம் இந்த இடைவெளிதான். டயரில் ஒட்டிய மண் சுற்றி மேலே வந்து மட்கார்டின் உட்புறம் அப்பும். அடுத்த சுற்றில் இன்னும் கொஞ்சம். நூறடி போவதற்குள் மட்கார்டு முழுக்க மண், அதுவே பிரேக் பிடித்த மாதிரி சக்கரத்தை அமுக்கும். மூன்றரைக் குதிரைசக்தியை இதற்கே செலவழித்தால் மூட்டையை எது இழுக்கும்?

மழைக்காலம் முடியும்வரை முன் மட்கார்டைச் சற்று உயர்த்தி மாட்டு. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முனை, உடைந்த கிளிப், தொங்கும் ரப்பர் எதையும் விட்டுவைக்காதே; மண் முதலில் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான். பின் மட்கார்டைக் கழற்றிவிடச் சொல்லுவார்கள். கழற்றினால் சேறு ஏர் பில்டர் பக்கமும் ஓட்டுகிறவர் முதுகிலும் போகும், ரோட்டில் பின்னால் வருகிறவர் முகத்திலும் அடிக்கும். கழற்றாதே, இடைவெளியைக் கூட்டு. வண்டியில் ஒரு கம்போ தட்டையான இரும்புப் பட்டையோ கட்டிக்கொடுத்து, நின்று நின்று மண்ணைத் தள்ளிவிட்டுப் போகச் சொல். காசில்லாத வைத்தியம் அது.

3. பின் சக்கரத்தைக் கையால் சுற்று

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்து. பின் சக்கரத்தை ஒரு கையால் தள்ளிவிடு. நல்ல வண்டியில் அது தன்போக்கில் சுற்றி நிதானமாக நிற்கும். கால் சுற்றில் நின்றால் இழுவை அங்கேதான் சாகிறது.

காரணம் பெரும்பாலும் பிரேக் டிரம். சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்க் காய்ந்தால் கரிசல் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். பிரேக் ஷூ திரும்பி வராது, கேம் துருப்பிடித்து நிற்கும். டிரம்மைக் கழற்றிக் கழுவி, ஷூவைத் தேய்த்து, கேமில் மட்டும் துளி கிரீஸ் வை. பிறகு பேரிங்கைப் பார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியும், சுற்றினால் முணுமுணுப்புக் கேட்கும். கடைசியாகச் செயின். இறுகிய கண்ணிகள் ஸ்ப்ராக்கெட்டில் மடங்காமல் நிமிர்ந்து நிற்கும். மண் சேர்ந்தால் செயின் இன்னும் இறுகும் என்பதால் மழைக்காலத்தில் கொஞ்சம் தளர்வாகவே விடு. முறுக்கி வைத்த செயின் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும்.

4. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே சோதனை வை

"இப்ப பரவாயில்ல" என்று வண்டிக்காரர் சொல்வதை நம்பாதே. புதிதாகச் செலவு செய்தவருக்கு எப்போதுமே பரவாயில்லாமல்தான் தெரியும். ஊருக்கு ஊர் கண்மாய்க் கரை இருக்கிறது. அதில் ஒரு ஏற்றத்தைத் தேர்ந்துகொள். ஒரே ஆள், ஒரே மூட்டை. யூரியா மூட்டை 2018-இலிருந்து 45 கிலோ, டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. எதை வைத்தாய் என்று குறித்துக்கொள். ஏற்றத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து கிளப்பு. கால் ஊன்றாமல் ஏறினதா, கால் உதவி தேவைப்பட்டதா, ஏறவே இல்லையா என்று நோட்டில் எழுது.

ஓடி வந்து ஏறுவது சோதனை ஆகாது. வேகம் வண்டியின் பலவீனத்தை மறைத்துவிடும். சேற்றில் வேகம் கிடைக்காது. அங்கே நின்ற இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்து ஒவ்வொன்றுக்கும் பிறகு இந்த ஏற்றத்தில் போட்டுப் பார். நாலு வேலையைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று உனக்கும் தெரியாது, அடுத்த வண்டிக்கும் பயன்படாது.

5. காற்றும் பெட்ரோலும் சரியாகப் போகிறதா பார்

ஏர் பில்டர் நுரையைக் கழற்று. கரிசல் தூசியும் ஆயிலும் சேர்ந்து கறுப்புக் களியாக இருந்தால் எஞ்சின் மூச்சுவிட முடியாமல் திணறுகிறது. பெட்ரோலில் அலசிப் பிழிந்து, காயவைத்து, லேசாக ஆயில் தடவி மாட்டு. "பில்டர் இல்லாம ஓட்டுனா நல்லா இழுக்குது" என்று சிலர் சொல்லுவார்கள். கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும், தூசி நேரே பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். அடுத்த மழைக்கு முன் ரீபோர் செலவு வந்து நிற்கும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை உறிஞ்சும். மழையில் நனைந்து டேங்கில் தண்ணீர் இறங்கினால் ஒரு கட்டத்துக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து அடியில் தங்கும், அதுதான் முதலில் கார்புரேட்டருக்கு வரும். டேங்க் மூடியின் ரப்பர் வாஷரை மாற்று. கார்புரேட்டர் அடிக்கிண்ணத்தைக் கழற்றித் துடை. பழைய பெட்ரோல் குழாயை அமுக்கிப் பார், மெத்தென்றோ வெடித்தோ இருந்தால் மாற்று. இந்தப் பெட்ரோலில் பழைய ஜெட்டுக்குக் கலவை மெலிவாகத்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்: காப்பித்தூள் நிறம் சரி, வெளுத்திருந்தால் மெலிவு, ஈரக் கறுப்பென்றால் தடிப்பு. நிறம் சொல்வதைக் கேட்டு ஒரு படி மட்டும் ஜெட்டை மாற்று.

6. ஆயிலை அள்ளி ஊற்றாதே

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் என்பது பொதுக் கணக்கு. சேற்றில் கஷ்டப்படுகிறதே என்று இரக்கப்பட்டு இரட்டிப்பாக ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. எஞ்சினுக்குப் போகும் கலவை மெலிந்துவிடும். மிச்ச ஆயில் எரியாமல் சைலன்சரில் கரியாகப் படியும். காப்பாற்ற ஊற்றிய ஆயிலே கழுத்தைப் பிடிக்கும்.

அளவை விட முக்கியம் கலப்பு. டேங்கில் பெட்ரோலை நிரப்பிவிட்டு மேலே ஆயிலைச் சரித்துவிட்டுப் போகாதே. தனி கேனில் கலக்கிக் குலுக்கி ஊற்றச் சொல். கழித்துப்போட்ட எஞ்சின் ஆயிலை மலிவென்று ஊற்றும் வழக்கத்தை எங்கே கண்டாலும் தடு.

7. கரியைத் தேடி எடு

பழைய டூ ஸ்ட்ரோக்கில் தொலைந்த இழுவை அதிகமாக ஒளிந்திருப்பது இங்கேதான். காட்டு வேலைக்கு வண்டி மெதுவாகவே ஓடுகிறது, சைலன்சர் நன்றாகச் சூடேறுவதில்லை, கரி எரியாமல் படிகிறது. சைலன்சரைக் கழற்றிச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் போர்ட்டை டார்ச் அடித்துப் பார். வட்டமாக இருக்க வேண்டிய வாய் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, மரக்குச்சியாலோ மழுங்கிய அலுமினியப் பட்டையாலோ சுரண்டு. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் விழுந்தால் கம்ப்ரஷன் போச்சு. ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டன் தலையையும் துடை. சைலன்சரின் உள்குழாயைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறப்போட்டுக் கழுவலாம். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் அதைத் தொடாதே, அலுமினியத்தில் அது படவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சத்தத்துக்காகச் சைலன்சரின் உள்குழாயை வெட்டி எடுப்பதைப் பார்த்திருப்பாய். டூ ஸ்ட்ரோக் சைலன்சர் வெறும் புகைபோக்கி இல்லை. அதிலிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான் எரியாமல் வெளியே ஓடப்பார்க்கும் கலவையைத் திருப்பிச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. உள்குழாயை எடுத்தால் முதலில் போவது கீழ் ஆர்பிஎம் இழுவை. சத்தம் கூடும், சேற்றில் வண்டி நிற்கும்.

8. கம்ப்ரஷன் கசிகிற இடங்களை அடை

கிக்கரைக் கையால் அழுத்து. எதிர்ப்பு இல்லாமல் மெத்தென்று இறங்கினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஆர்பிஎம் ஏறினால் கசிய நேரம் இருக்காது, அதனால் ரோட்டில் குறை தெரியாது. மெதுவாகச் சுற்றும்போதுதான் ஓட்டைக் குடம் மாதிரி ஒழுகும். "ரோட்டுல நல்லாத்தான் போகுது" என்ற பேச்சுக்கு அர்த்தம் இதுவாகவும் இருக்கலாம்.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேசும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்க ஆயில் சீலில் ஒன்று கிழிந்தாலும் காற்று புகுந்து கலவை மெலியும். ஐடில் நிற்காமல் ஏறி இறங்கும். கியர் பக்கத்துச் சீல் கிழிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை விடும். ரீட் வால்வு உள்ள எஞ்சின் என்றால் இதழ்கள் உட்கார்ந்து மூடுகிறதா பார். நுனி உடைந்த இதழோடு கீழ் இழுவை வராது.

எக்ஸ்எல் 100 வேறு கதை. 2015-ல் வந்த 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் அது. அங்கே டேப்பட் இடைவெளியை முதலில் பார். இடைவெளி இறுகி வால்வு முழுக்க மூடாவிட்டால் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரஷன் ஓடிவிடும். பி.எஸ். 6-க்குப் பிறகு வந்தவற்றில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை ஊசியால் பீய்ச்சும். அதில் ஜெட் மாற்ற ஆசைப்படாதே. சென்சார் ஒயர்களின் கப்ளிங்கில் சேற்றுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை.

9. க்ளட்ச் எப்போது பிடிக்கிறது என்று கவனி

எக்ஸ்எல்லில் க்ளட்ச் லீவர் இல்லை. ஆர்பிஎம் ஏறும்போது ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. ஸ்பிரிங் தளர்ந்தால் முன்கூட்டியே பிடிக்கும். எஞ்சின் தன் முறுக்குவிசை உச்சத்துக்கு வருமுன் சுமை தலையில் ஏறி அணைந்துவிடும். லைனிங் தேய்ந்து பளபளப்பானால் பிடித்தும் பிடிக்காமல் வழுக்கும், எரிந்த வாடை வரும்.

முதலில் லைனிங்கைப் பார். பளபளப்பு மட்டும் என்றால் எமரித் தாளால் தேய்த்தால் போதும்; உலோகம் தெரிந்தால் மாற்று. ஸ்பிரிங்கை ஜோடியாக, கம்பெனி அளவிலேயே புதிது போடு. மாற்றின கையோடு கரையில் சோதித்துப் பார்த்தால் பழைய ஸ்பிரிங் எவ்வளவு தளர்ந்திருந்தது என்று புரியும். இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் கிளம்புவது வேகமாக இருக்கும். ஆனால் மெதுவாகப் போகும் நேரமெல்லாம் க்ளட்ச் பாதி வழுக்கிக்கொண்டே சூடாகும். கரிசல் சேற்றில் வண்டி மெதுவாகத்தான் போகும். ஆகவே அந்த வழி நமக்கு ஒத்துவராது. எக்ஸ்எல் 100-இல் க்ளட்ச் ஆயிலிலேயே ஓடுகிறது. கார் ஆயிலை ஊற்றி அதை வழுக்கவைக்காதே, இரு சக்கர வண்டி ஆயிலையே ஊற்று.

10. எல்லாம் சரியான பிறகுதான் பல்லை மாற்று

இதுவரை சொன்னது தொலைந்ததைத் தேடியது. இனி வேகத்தைக் கொடுத்து இழுவை வாங்குவது. கணக்கு எளிது. பின் ஸ்ப்ராக்கெட்டில் 40 பல் இருக்கும் இடத்தில் 44 பல் போட்டால் சக்கரத்தின் இழுவை பத்து சதவீதம் கூடும். அதே ஆர்பிஎம்-இல் வேகம் ஒன்பது சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். முன் ஸ்ப்ராக்கெட்டில் 12-க்குப் பதில் 11 போட்டாலும் ஒன்பது சதவீதம் கிடைக்கும். ஆனால் சின்னப் பல்லில் செயின் அதிகமாக மடங்கித் தேயும். முடிந்தவரை பின்னால் கூட்டுவதே நல்லது.

பெரிய ஸ்ப்ராக்கெட் செயின் கவருக்குள் உரசாமல் சுற்றுகிறதா, செயினுக்கு நீளம் போதுமா என்று முதலில் அளந்து பார். பத்து சதவீதத்துக்கு மேல் போகாதே. அதற்கு மேல் போனால் சங்கரன்கோவிலுக்கோ கோவில்பட்டிக்கோ ரோட்டில் போகும்போது எஞ்சின் கத்திக்கொண்டே ஓடும், பெட்ரோலும் கூடும். "காட்டுக்கு எத்தனை நாள், ரோட்டுக்கு எத்தனை நாள்?" என்று வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்கு.

11. டயரில் பெருமை பார்க்காதே

பெரிய டயர், பெரிய பட்டன் என்றால் சேற்றுக்கு நல்லது என்று நினைப்பு. உயரம் கூடிய டயர் கியர் விகிதத்தையே மாற்றிவிடும்; நீ ஸ்ப்ராக்கெட்டில் கூட்டியதை அது சத்தமில்லாமல் கழித்துவிடும். நெருக்கமான பட்டன் டயரில் கரிசல் களி அடைந்து அது மொழுக்கை டயராகிவிடும். பட்டனுக்குப் பட்டன் இடைவெளி அகலமாக, மண் தானே உதிரும்படி இருக்க வேண்டும். கம்பெனி அளவை மாற்றாதே.

காற்றைக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் டியூப் டயரில் ரொம்பக் குறைத்தால் ரிம்மில் டயர் நகர்ந்து, டியூபின் வால்வுக் கழுத்தைக் கிழித்துவிடும். மூட்டையோடு நடுக்காட்டில் பஞ்சர் என்றால் பம்பும் உதவாது. குறைத்தால் கொஞ்சமாகக் குறை, ரோட்டுக்கு ஏறியதும் நிரப்பச் சொல்.

12. பெல்ட் வண்டியும் ஏடிவியும் வந்தால் பயப்படாதே

கியர் இல்லாத ஸ்கூட்டர் 1984-இன் கைனடிக் ஹோண்டாவிலிருந்து நம்மிடம் இருக்கிறது. அதன் பெல்ட் வேரியேட்டர்தான் இன்றைய ஸ்கூட்டிக்கும் ஆக்டிவாவுக்கும், பெரும்பாலான ஆட்டோமேட்டிக் ஏடிவிக்கும் அடிப்படை. முன் புல்லியில் இருக்கும் ரோலர்கள் ஆர்பிஎம் ஏற ஏற வெளியே ஓடிப் புல்லியை நெருக்கும். பெல்ட் மேலே ஏறும், வேக விகிதம் வரும். ரோலர் எடையைச் சற்றுக் குறைத்தால் பெல்ட் ஏறுவது தாமதமாகும், இழுவை விகிதத்திலேயே வண்டி நீண்ட நேரம் நிற்கும். ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எடை மாற்றியும் பயனில்லை. முதலில் அதே எடையில் புதிது போட்டுப் பார். பெல்ட்டின் அகலத்தைக் கம்பெனி சொன்ன குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடு. புல்லி முகத்தில் கிரீஸ் படக் கூடாது.

பழைய ஏடிவியில் லோ ரேஞ்ச் இருந்தால் சேற்றுக்கு அதையே போடச் சொல். அது ஒன்றே பாதிக் குறையைத் தீர்க்கும், பெல்ட்டும் எரியாது. பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் வழுக்கும். அடியில் இருக்கும் வடிகால் மூடியைத் திறந்து வடித்து, நியூட்ரலில் கொஞ்சம் ஓடவிட்டுக் காயவை. பெரிய டயர் மாட்டிவிட்டு "இழுக்கல" என்று வந்தால் பழைய டயரை மாட்டிப் பார்த்துவிட்டுப் பேசு.

பாஜா எஸ்.ஏ.இ. இந்தியா என்ற போட்டி 2007-இலிருந்து நடக்கிறது. என்ஜினியரிங் மாணவர்கள் தாங்களே ஏடிவி செய்து மேட்டிலும் பள்ளத்திலும் ஓட்டுவார்கள். பெட்ரோல் பிரிவில் எல்லா அணிக்கும் ஒரே வகை எஞ்சின். வெல்வதும் தோற்பதும் எடையிலும் விகிதத்திலும் டயரிலும்தான். அந்த மாணவர் யாராவது உன் கடைக்கு வந்தால் உட்காரவைத்துப் பேசு. உனக்குக் கணக்கு கிடைக்கும், அவருக்குக் கைப்பழக்கம் கிடைக்கும்.

13. மறுக்க வேண்டியதை மறு, ஓட்டக் கற்றுக்கொடு, மலிவில் தொடங்கு

போர்ட்டை அரத்தால் ராவி உயர்த்தச் சொல்லுவார்கள். எக்ஸாஸ்ட் போர்ட் உயர்ந்தால் சக்தி மேல் ஆர்பிஎம்-க்குப் போய்விடும், கீழே இருந்த கொஞ்சமும் தொலையும். வேறு வண்டி எஞ்சினை மாட்டச் சொல்லுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு பதிவுச் சான்றில் உள்ளதை மாற்றத் தடைபோடுகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வண்டியை ஒப்படைக்கும்போது ஓட்டும் முறையைச் சொல்லிக் கொடு. சேற்றில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுப் பிடிக்காமல் ஒரே சீராக வைக்க வேண்டும். சுமையில் பெரும்பங்கு பின் சக்கரத்துக்கு நேர்மேலே இருந்தால் பிடிமானம் கிடைக்கும். அதற்கும் பின்னால் தள்ளினால் முன் சக்கரம் தூக்கித் திசை தவறும். ரொம்ப மோசமான இடத்தில் இறங்கி நடந்து தள்ளிக்கொண்டே ஓட்டுவது கௌரவக் குறைவு இல்லை. ஓட்டுகிறவர் எடை இறங்குவது எந்த ஸ்ப்ராக்கெட்டும் தராத லாபம். இந்த எஞ்சினைக் குளிரவைப்பது வெறும் காற்று. சிலிண்டர் பட்டைகளில் சேறு அப்பினால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மண் காயுமுன் பட்டைகளையும் டிரம்மையும் கழுவச் சொல்.

பில் போடும் வரிசையையும் இப்படியே வை: கழுவுவது, பிரேக், செயின், பில்டர், பிளக், கரி எடுப்பது, சீல், க்ளட்ச், அதன் பிறகு ஸ்ப்ராக்கெட், கடைசியாகச் சிலிண்டர் வேலை. ஒவ்வொரு படியிலும் கரை ஏற்றத்தில் ஓட்டிக் காட்டு. போதும் என்று வண்டிக்காரர் சொன்ன இடத்தில் நிறுத்து. எல்லாம் செய்தும் அன்றாடம் இரண்டு மூட்டை ஏற்றத்தான் வேண்டும் என்றால் உள்ளதைச் சொல்லிவிடு: எக்ஸ்எல் 100 தருவது 6.5 நியூட்டன் மீட்டர், அதுவும் 3500 ஆர்பிஎம்-இலேயே. பழைய சூப்பரில் எவ்வளவு செலவழித்தாலும் அது வராது. ஒரு பில் போகும். ஆனால் அந்த வண்டிக்காரரும் அவர் ஊர்க்காரர்களும் உன்னிடம்தான் வருவார்கள்.